கோழி இன்னும் உயிரோடிருக்கிறது

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கேயாவது வெறும் நிலத்தைக் கண்டால் அவருக்குக் கால் நின்றுவிடும். பஸ்ஸில் போகும்போது என்றால் கழுத்து திரும்பும். ஒருநாள் காலை பொலிதேயாமாச் சதுக்கத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, அங்கே நின்ற மரங்களைக் காட்டினார்.

"இதுகளை வைச்சது ஆர்?"

"எனக்கென்ன தெரியும். நகரசபையாக்கும்."

"கேட்டு வைச்சவையோ?"

"ஆரைக் கேக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்று சொல்லிவிட்டு, களவைக் கண்டுபிடித்த பொலிஸ்காரர்போல ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அதுதான் வீட்டுக்கார அம்மாவுக்கு, நான் பத்து நிமிடம் பிந்தினால் தலையிடி வந்துவிடும். அன்றைக்கு இருபது நிமிடம் பிந்தினேன்.

அவருக்கு விதானையார் என்று பட்டம் வைத்தது நான்தான். ஊரில் காணி, வேலி, வரம்பு என்று சண்டை வந்தால் கக்கத்தில் கொப்பியோடு வந்து நிற்கிறவர் விதானையார். இவரிடம் கொப்பி இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. ஆபிரிக்காவின் கானா நாட்டுக்காரர், நெடிய மனிதர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பல்லரோச் சந்தையில் மீன்பெட்டி இறக்குகிற வேலை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் தனியே இருந்தார்.

நாங்கள் கதைத்தது இத்தாலியன். அவர் அதை ஒரு பக்கத்தால் உடைத்தார், நான் மற்றப் பக்கத்தால் உடைத்தேன். இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் என் மனதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். பிறகு வரப்போகிற பஸ்காரரும் அப்படித்தான். அப்படியே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று அளவில் நாங்கள் சீசா என்ற பகுதிக்கு வீடு மாறி வந்தோம். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி இருந்தது. முதலாம் மாடியில் இருந்த வயதான சிஞ்ஞோரா அது தன்னுடையது என்றார். அவருடைய தம்பிமார் மூன்று பேரும் தங்களுடையது என்றார்கள். வழக்கு இழுபட்டுக்கொண்டே போக, காணிக்குள் பழைய சோபாவும் உடைந்த குளிர்சாதனப் பெட்டியும் முட்பற்றையும் குடியிருந்தன. இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு ஊருக்கு வந்து இறங்கியதுபோல இருந்தது. நான் யாழ்ப்பாணத்தவள். எங்கள் பக்கத்தில் வேலிக்காக ஒருமுறையாவது கோர்ட்டுக்குப் போகாத குடும்பத்தை ஒரு குடும்பமாகவே மதிக்கமாட்டார்கள்.

அந்தக் காணியில் தோட்டம் செய்யலாம் என்று எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க, இவர்தான் எழும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மினுக்கிய சேட்டோடு, கக்கத்தில் ஒரு உயிர்க்கோழியோடு, சிஞ்ஞோராவின் கதவைத் தட்டினார். கோழியை எங்கே பிடித்தாரோ தெரியாது. நான் மாடிப்படியால் இறங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை.

அவருடைய பக்கத்தில் நிலம் கேட்கப் போகிறவர்கள் கோழி கொண்டுபோவார்களாம். நிலத்துக்காரர் அதை வாங்கி, வெட்டிச் சமைத்து, கேட்க வந்தவரோடு ஒன்றாயிருந்து சாப்பிட்டால் நிலம் கிடைத்தது. கோழியைத் திருப்பிக் கொடுத்தால் இல்லை. கேட்பதற்கும் மறுப்பதற்கும் ஒரு கசப்பான வார்த்தையும் தேவையில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் சிஞ்ஞோராவுக்கு இது தெரியாதே. அவர் கோழியை வாங்கினார், நெஞ்சோடு அணைத்தார், அதன் தலையில் கொஞ்சினார். செத்துப்போன தன் அக்காவின் பெயரை அதற்கு வைத்து, பல்கனியில் ஒரு பெட்டியில் மெத்தை போட்டு இருத்தினார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கோழிச் சிஞ்ஞோரா.

படியில் என்னிடம் வந்தார் விதானையார். முகம் வாடிப்போயிருந்தது.

"ஓம் எண்டவவோ, இல்லை எண்டவவோ?"

"கோழியை வாங்கினவதானே. பிறகென்ன?"

"வாங்கினவ. சாப்பிடேல்லை."

"தோட்டம் செய்யுங்கோ எண்டு வாயாலை சொன்னவவெல்லோ?"

"தங்கச்சி, வாய் எதையும் சொல்லும். கோழி உயிரோடை இருந்தால் பதில் இன்னும் வரேல்லை எண்டு அர்த்தம்."

இதுதான் அந்த மனிதர். சிஞ்ஞோரா பல்கனியில் நின்று கையாட்டி, "நடுங்கோ, நடுங்கோ" என்று கத்தினாலும், அவர் மேலே பார்த்துக் கோழி நிற்கிறதா என்றுதான் பார்ப்பார். அது நின்றது. கொழுத்து உருண்டு நின்றது. ஆகவே கட்டடத்தில் இருந்த நாங்கள் எட்டுக் குடும்பமும் அந்த நிலத்தைக் கேட்டிருக்கிறோமே தவிர, நிலம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர் இரண்டு சட்டம் வைத்தார். வேலி போடக்கூடாது. மரம் வைக்கக்கூடாது. கத்தரி, தக்காளி, வெங்காயம், கீரை, கிழங்கு, எது வேண்டுமென்றாலும் நடலாம். ஒரு பருவத்தில் வந்து ஒரு பருவத்தில் போகிறதாக இருக்கவேண்டும்.

அவர் காணி பிரிக்கிற அழகைப் பார்க்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு அடி வைத்து அளப்பார். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை மண்ணில் படுக்கவைத்து எல்லை காட்டுவார். நிலத்துண்டுகளுக்கு நடுவில் ஒரு அடிப் பாதை, அது எல்லோருக்கும் பொது. எனக்கு அந்தப் பாதையைக் கண்டதும் கை அரித்தது. சும்மா கிடக்கிற ஒரு அடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்தவளால் எத்தனை நாள் இருக்கமுடியும்?

கோடை மத்தியானத்தில் சாப்பிட்டபின் பலெர்மோ முழுவதும் யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அந்த நேரமாகப் பார்த்து இறங்கி, என் துண்டின் முன்பக்கக் கயிற்றை ஒரு சாண் பாதைக்குள் தள்ளி வைத்தேன். ஒருவரும் காணவில்லை.

அடுத்தநாள் போய்ப் பார்த்தால், முன்கயிறு நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. பின்கயிறு ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. பின்வரிசை வெங்காயம் முழுவதும் பொதுப்பாதையில் நின்றது. பஸ்காரர் அதன்மேல் நடந்துபோய்க்கொண்டிருந்தார். விதானையார் வந்து, "சூடு கூட, என்ன?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமை இன்னொரு சாண் தள்ளினேன். பின்கயிறு இன்னொரு சாண் வந்தது. இப்படியே ஆடி ஆவணி முழுவதும் என் காணி மெதுவாக நடந்து, கடைசியில் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். இரண்டு நாளில் பின்கயிறும் பழைய இடத்துக்குப் போயிருந்தது. அவர் எனக்குக் கொஞ்சம் தக்காளி கொண்டுவந்து தந்தார். அந்தத் தக்காளியைத் தின்ன எனக்கு ஒரே கோபமும் சிரிப்பும்.

பஸ்காரர் என்றேனே, அவர் பக்கத்துத் துண்டுக்காரர். பலெர்மோவில் பிறந்து வளர்ந்து, நகர பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் யாருக்கும் வழிவிட்டுப் பழகாதவர்.

இரண்டாவது வருடம் மாசி மாதத்தில் விதானையார் எல்லோரையும் கூப்பிட்டு, கயிறுகளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "காணி இனி எல்லாருக்கும் மாறும். நாளைக்குப் புதுசாப் பிரிப்பம்," என்றார்.

"மாறுமோ? என்ன மாறும்?" என்றேன்.

"ஆள் மாறும். மண் அங்கைதான் இருக்கும்."

என் துண்டு பஸ்காரருக்கு. எனக்கு வந்தது சுவரோரம், சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மூலை. ஒரு வருடமாக முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும், விதானையாரிடமே வாங்கிய மீன்கழிவும் தாட்டுத் தாட்டுக் கறுப்பாக்கின மண் அது. என் மனிசன் வேலை முடிந்து வந்து களை பிடுங்கின மண். அவருக்கு அந்தத் தோட்டம்தான் வாய். வன்னியில் இருந்து, சண்டை முடிந்தபிறகு வந்தவர். பகலில் கட்டடங்களின் படி கழுவுவார். இரவில் ஒன்றும் கதைக்கமாட்டார். அந்த மண்ணில் குந்தியிருக்கும்போது மட்டும் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார். அதைப் போய் பஸ்காரருக்குக் கொடுப்பதா?

அன்று மத்தியானம், ஊர் படுத்த நேரத்தில், பல்கனியில் சட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கொழும்பிலிருந்து வந்த ஒருத்தியின் பெட்டிக்குள் விதையாக வந்தது. ஒரு சாண் உயரம். என் பழைய துண்டின் நட்டநடுவில் அதை நட்டு, தண்ணீர் ஊற்றி, மிதித்து இறுக்கினேன். இனி இந்த இடம் எங்களுடையது என்று சொல்லுவதற்கு எனக்கு வேறு பாஷை தெரியாது.

அடுத்தநாள் பிரிக்க வந்தவர் அதைக் கண்டார். சத்தம் போடுவார் என்று நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. அந்த நெடிய மனிதர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

"பிடுங்கு, தங்கச்சி."

"வேணுமெண்டால் நீங்கள் பிடுங்குங்கோ."

"நான் பிடுங்கமாட்டன். இன்னொருத்தன் வைச்ச மரத்திலை கை வைக்கிறதும் அதை வைச்சதைப்போலைதான்."

பிறகு சொன்னார். அவருடைய பக்கத்தில், வடக்கிலிருந்து வருகிற சனத்துக்கு அந்த இடத்துக் குடும்பங்கள் நிலம் கொடுக்கும். எங்கள் இராசவள்ளிக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய கிழங்கு உண்டாம், அதை நடலாம். கிழங்கைக் கிண்டினால் நிலம் திரும்பக் கொடுத்தவனிடம் போய்விடும். மரம் அப்படியில்லை. மரம் வைத்தவன் செத்தாலும் மகனுக்காக அங்கேயே நிற்கும். அதனால் இரவல் நிலத்தில் மரம் வைப்பதில்லை. பரம்பரை பரம்பரையாக அப்படித்தான் இரண்டு பகுதியும் ஒன்றாகச் சீவித்தார்கள். பிறகு மரமுந்திரிக்கு நல்ல விலை வந்தது. ஒரு குடும்பம் கேட்காமல் நாற்பது கன்று வைத்தது.

"பிறகு?"

"நிலத்துக்காரற்றை பெடியள் வந்து கொஞ்சத்தை வெட்டினாங்கள். மரம் வைச்ச பக்கம் போய் அவங்கடை களஞ்சியத்துக்கு நெருப்பு வைச்சுது. பிறகு மரத்தை ஆரும் நினைக்கேல்லை. ஒரே சந்தையிலை சாமான் வாங்கின சனம், தங்கச்சி. என்ரை தம்பி அதிலைதான் போனவன்."

எனக்கு மனம் கனத்தது. ஆனாலும் கன்றைப் பிடுங்க மனம் வரவில்லை. அவர் நிலத்துக்காரர் பக்கத்துப் பெரியவர், அதுதான் இந்தக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன். "நீங்கள் அங்கையும் விதானையார் வீட்டு ஆக்கள்தானாக்கும்," என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு எழும்பி, சொன்னபடியே காணியைப் பிரிக்கப் போனார்.

என் கன்று நின்றதைப் பார்த்துப் பஸ்காரர் அதன் பக்கத்தில் ஒரு எலுமிச்சையை வைத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தர் அத்தியை வைத்தார். மூன்றாம் மாடித் தமிழ்ப்பெண் முருங்கைத் தடி ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து ஊன்றினாள். இரண்டு கிழமையில் தக்காளித் தோட்டம் காடாவதற்கு ஆயத்தமாகிவிட்டது. ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துக் கதைப்பதும் நின்றது. விதானையார் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து, ஒன்றையும் தொடாமல், நடுவில் நின்று பார்த்துவிட்டு, பல்கனிக் கோழியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு பஸ்காரர் பூனை கிண்டுகிறது என்று தன் துண்டைச் சுற்றி முள்ளுக்கம்பி கட்டினார். என் கறிவேப்பிலையும் கம்பிக்குள் போய்விட்டது.

அன்று சனிக்கிழமை பின்னேரம். என் மனிசன் தண்ணீர் வாளியோடு கன்றுக்கு ஊற்றப் போனார். நான் பின்னால் போனேன். கம்பியைக் கண்டதும் வாளியை வைத்தார். வன்னியில் அவருடைய தகப்பன் காடுவெட்டி எடுத்த காணி இன்றைக்கும் முள்ளுக்கம்பிக்குள்தான் கிடக்கிறது. வெளியில் நின்று பார்க்கலாம், உள்ளே போகமுடியாது. அதை அவர் என்னிடம்கூட இரண்டு தரத்துக்குமேல் சொன்னதில்லை.

"இஞ்சையுமோ?" என்றார். தமிழில்தான். யாரைக் கேட்டாரோ தெரியாது.

பஸ்காரர் கையை உயர்த்தி, "என்ரை துண்டு, நான் கட்டுவன்," என்று ஏதோ கத்தினார். என் மனிசன் மண்வெட்டியைத் தூக்கினார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிசன் என்னை நோக்கிக் குரல்கூட உயர்த்தியதில்லை. நான் "ஐயோ" என்று கத்தியதும், எங்கிருந்தோ விதானையார் குறுக்கே வந்ததும், மண்வெட்டிப் பிடி அவர் கையில் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக நடந்தது. சத்தம் கேட்டது. பச்சைத் தடி முறிகிற சத்தம்.

மனிசன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டார். விதானையாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பஸ்காரருடைய காரில்தான். அவர் வழி நெடுகப் பொலிசுக்குச் சொல்லப்போவதாகப் பொரிந்துகொண்டு ஓட்டினார். நான் பின்னால் விதானையாரின் கையைத் தாங்கிக்கொண்டு இருந்தேன். மனிசனுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்து, கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கிடந்தது. அடிதடி என்று ஒரு வரி எழுதப்பட்டால் வதிவிட அனுமதி போய்விடும். அவர் எங்கே திரும்பிப் போவது? அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நிற்கவா?

அவசரப் பிரிவில் ஒரு இளம் டொக்டர் பெண் பேனையோடு வந்தார். "எப்படி நடந்தது?"

பஸ்காரர் வாயைத் திறந்தார். விதானையார் முந்திக்கொண்டார்.

"மரத்தாலை விழுந்தனான்."

"என்ன மரம்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த நோவிலும் கண்ணில் ஒரு குறும்பு.

"கறிவேப்பிலை."

டொக்டருக்கு அது எத்தனை உயரம் என்று எப்படித் தெரியும்? அவர் பஸ்காரரைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் கண்டீர்களா?" என்றார். பஸ்காரர் என்னைப் பார்த்தார். என் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, அதுவும் போதாதென்று கால் பெருவிரலில் எழும்பி நின்று, "பெரிய மரம், டொக்டர். நான் அப்பவே ஏறவேண்டாம் எண்டு சொன்னனான்," என்றார். அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. அவர் வழிவிட்டு நான் கண்டது அதுதான் முதல்தரம்.

விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். விதானையார் எனக்கு முதலே அங்கே நின்றார், கையில் மாக்கட்டு, காலடியில் ஒலிவ் எண்ணெய் வந்த பெரிய வெறுந்தகரம். பஸ்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் குந்தி, கன்றைச் சுற்றிக் கையால் கிண்டி, வேர் அறாமல் மண்ணோடு தூக்கினேன். அதற்குள் அது ஒரு புதுக்கொழுந்து விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தகரத்துக்குள் வைத்து மண் போட்டேன்.

நிமிர்ந்தால், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

"எங்கடை ஊரிலை ஒருத்தன் இதைச் செய்திருந்தால் போதும், தங்கச்சி. வைச்சவன் வந்து, தானே பிடுங்கியிருந்தால்."

"அவன் ஏன் பிடுங்கேல்லை?"

"ரோசம். நாற்பது மரமும் பூத்திருந்தது," என்றார். பிறகு, "வைச்சது நான்தான்," என்றார்.

இத்தனை காலமும் நான் விதானையார் என்று கூப்பிட்டது, கேட்காமல் மரம் வைத்த ஆளை. அவர் அந்தப் பட்டத்தை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தண்டனையைப் போல அதைச் சுமந்து திரிந்திருக்கிறார். அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் காணி மாறி மாறி வந்தது. சுவரோர மூலை எனக்கும் வந்தது, பஸ்காரருக்கும் வந்தது. மனிசனுடைய பெர்மெஸ்ஸோவும் வந்தது. பிறகு ஒருநாள் விதானையார் கொடிக்கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"ஊருக்குப் போறன்."

"ஏன் இப்ப?"

"இன்னும் கொஞ்ச மரம் நிக்குதாம்," என்றார். "ஒரு சாண்கூடத் தள்ளிப் போடாதை, என்ன?"

இரண்டு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. பிறகு போனுக்கு ஒரு படம் வந்தது. அடிமரங்கள் வரிசையாகத் தெரிந்தன, புதிதாக வெட்டியவை. முன்னால் மினுக்கிய சேட்டோடு அவர். கக்கத்தில் ஒரு கோழி, உயிரோடு. ஒரு சொல்லும் எழுதவில்லை.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பொலிதேயாமாச் சிஞ்ஞோராவின் நல்ல கோப்பை ஒன்று கைதவறி உடைந்தது. நிலத்துக்காரர் வாங்கினார்களா, திருப்பிக் கொடுத்தார்களா? கேட்டு எழுதினேன், பதில் இல்லை. மனிசனும் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "என்னவாம்?" என்றார். அடுத்தநாள் பின்னேரம், நான் கோழிச் சிஞ்ஞோராவுக்குக் கீரை கொண்டுபோய்க் கொடுக்கும்போது போன் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வரி.

"சாப்பிட்டினம். எல்லாரும் ஒண்டாயிருந்து."

நான் அந்தக் கதவடியிலேயே இருந்து, சிரித்தேனா அழுதேனா தெரியாது. சிஞ்ஞோரா பயந்துபோய், "என்ன நடந்தது, என்ன நடந்தது?" என்று என் தலையைத் தடவினார். எங்கள் பழைய ஆள் ஊரில் நல்ல சுகமாக இருக்கிறாராம் என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவருடைய மடியில் கோழி இருந்தது.